சாவா மூவாப் பேராடுகளும் கணினி ஒப்பந்தங்களும்

திருத்தணியில் நந்தியாற்றங்கரையில் நிற்கும் வீரட்டானேசுவரர் கோயில், பல்லவ மரபின் இறுதி அரசனாகக் கருதப்படும் அபராசிதவர்மனின் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், நம்பி அப்பி என்பவரால் எடுக்கப்பட்ட கற்றளியாகும். கருவறையின் பின்புறம் அரைவட்டமாக வளைந்திருக்கும் தூங்கானைமாட வடிவிலான இக்கோயிலின் கல்வெட்டுகளுள் வெண்பா ஒன்றும் உண்டு என்பதும், அதை அரசனே இயற்றியதாகக் கல்வெட்டு கூறுகிறது என்பதும் கலை வரலாற்றாசிரியர்களும் இலக்கிய வரலாற்றாசிரியர்களும் விரும்பி எடுத்துக்காட்டும் செய்திகள். திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் 1977இல் கிடைத்த இரண்டு செப்பேட்டுத் தொகுதிகளுள் ஒன்று இதே அபராசிதனுக்கும் மற்றொன்று சோழன் முதலாம் பராந்தகனுக்கும் உரியவை. இவ்வாவணங்களை அரச மரபுகளின் கால வரிசையை நிறுவுவதற்கே ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தினர்; ஆயினும் இவை அடிப்படையில் ஒப்பந்தங்கள். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், யார் பெற்றுக்கொண்டார், அதற்கு ஈடாக நாள்தோறும் என்ன செய்யக் கடமைப்பட்டார், எவர் கண்காணிப்பார், எதுவரை செல்லும் என்னும் கேள்விகளுக்கு விடை எழுதி வைப்பதே தொண்டை மண்டலத்துக் கோயிற் சாசனங்களின் முதற்பணியாக இருந்தது.

எதுவரை செல்லும் என்னும் கேள்விக்குச் சாசனங்கள் தரும் வழக்கமான விடை, சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பதாகும். அரசுகள் அடுத்தடுத்துக் கைமாறிய ஒரு நிலப்பகுதியில் இது வெறும் மங்கல வாசகமாக இருந்திருக்க முடியாது. அபராசிதனை வென்று ஆதித்த சோழன் தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்டான். அவன் மகன் பராந்தகனின் ஆட்சி முடிவை நெருங்கிய 949இல், திருத்தணிக்குத் தெற்கே அண்மையிலேயே உள்ள தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். அதன்பின் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டுகள், கன்னரதேவன் என்னும் பெயரில், இவ்வட்டாரத்துக் கோயிற் சுவர்களில் தமிழிலேயே பொறிக்கப்பட்டன. பிறகு மீண்டும் சோழர் வந்தனர். எல்லை மாறும் வழக்கம் இங்கே இடைக்காலத்தோடு நின்றுவிடவும் இல்லை, ஏனெனில் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. ஆள்பவர் யாராயினும் விளக்கு எரிய வேண்டும் என்று விரும்பிய கொடையாளி, எந்த அரசனின் நல்லெண்ணத்தையும் நம்பியிராத ஓர் ஏற்பாட்டைத் தேடினார். ஏற்பாட்டின் விதிகளைக் கல்லில் வெட்டிப் பலரும் காணும் சுவரில் நிறுத்தியது அத்தேடலின் விளைவு.

இதே விருப்பம் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு வடிவில் எழுந்தது. அமெரிக்கக் கணினி அறிஞரும் சட்டம் பயின்றவருமான நிக் சாபோ, ஒப்பந்தத்தின் விதிகளைத் தாமே நிறைவேற்றும் கணினி ஏற்பாடுகளுக்கு 1990களின் நடுப்பகுதியில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பெயரிட்டார். 2015இல் இயங்கத் தொடங்கிய எத்தீரியம் என்னும் பிளாக்செயின், அதாவது எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லாமல் உலகெங்கும் உள்ள கணினிகளில் ஒரே படியாகப் பேணப்படும் பொதுப் பேரேடு, அவ்வெண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வங்கியோ தரகரோ இல்லாமல், இப்பேரேட்டில் பதிந்த நிரல்களே வைப்பு வாங்கி, கடன் கொடுத்து, நாணயம் மாற்றித் தரும் ஏற்பாட்டுக்குப் பரவலாக்கப்பட்ட நிதி என்றும், சுருக்கமாக டீஃபை என்றும் பெயர். கல்வெட்டுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை, விதிகள் எல்லோரும் படிக்கத்தக்க இடத்தில், எளிதில் அழிக்க முடியாத வகையில் எழுதப்பட்டிருப்பது. வேற்றுமை, கல் விதியைச் சொல்வதோடு நின்றுவிட, நிரல் அதைச் செய்தும் முடித்துவிடுவது. கல்வெட்டில் எழுதியதற்கும் நடந்ததற்கும் இடையே இடையர், சபையார், கணக்கர், அதிகாரி ஆகியோர் இருந்தனர். அவர்கள் திருடவும் கூடும், தடுக்கவும் கூடும். நிரலில் அந்த இடைவெளியே இல்லை.

இந்த வேற்றுமையால் முதன்மை பெற்ற ஒரு வகைப் பிழையைத் தருக்கப் பிழை என்பர். நிரலின் எழுத்தில் குறையிராது, கணக்கு தவறாது, பூட்டை எவரும் உடைத்திருக்கவும் மாட்டார். ஆனால் அந்த நிதி ஏற்பாட்டை வகுத்தவர் எதை இயல்பென்று எடுத்துக்கொண்டாரோ அது இயல்பாக இல்லாத ஒரு சூழலை ஒருவர் உண்டாக்கி, விதிகளை ஒன்றுகூட மீறாமலே முழுப்பணத்தையும் எடுத்துச் சென்றுவிடுவார். விதி கேட்க மறந்த கேள்வியில்தான் ஓட்டை இருக்கிறது. இவ்வகை ஓட்டை கணினியோடு பிறந்ததன்று என்பதையும், அதை அடைக்கும் கலையில் தமிழகத்துச் சபைகள் நெடுங்காலம் உழைத்திருக்கின்றன என்பதையும் கோயிற் சாசனங்களைக் கொண்டே காட்ட முடியும்.

பல்லவர், சோழர் காலக் கொடைகளுள் மிகுதியாகக் காணப்படுவது நந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு. அதற்கு நெய் வேண்டும். நெய்க்காகக் கொடையாளி ஆடுகளைக் கொடுப்பார். பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் ஒரு விளக்குக்கு உரியவை. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளைச் சாசனங்கள் சாவா மூவாப் பேராடு என்று குறிக்கின்றன. தனித்தனி ஆடுகள் மூப்படைந்து இறக்கும் என்றாலும், குட்டிகளால் அந்த இடம் நிரப்பப்பட்டு மந்தையின் எண்ணிக்கை மட்டும் என்றும் மாறாதிருக்க வேண்டும் என்பது இதன் கருத்து. எண்ணிக்கைக்கு மேற்பட்டுப் பெருகும் குட்டியும், அளந்தது போக எஞ்சும் பாலும் இடையரின் ஊதியமாகலாம். 96 என்னும் எண் மட்டும் குறையலாகாது. நான்கு உழக்கு ஒரு நாழி என்னும் கணக்கில் ஆண்டுக்கு 91 நாழிக்குச் சற்று மேற்பட்ட நெய் தேவைப்பட்டது; 96 ஆடுகள் இருந்தால், ஓர் ஆட்டிடமிருந்து ஆண்டுக்கு ஒரு நாழிக்கும் குறைவாகவே எதிர்பார்த்தனர். வறட்சிக்கும் நோய்க்கும் இடம்விட்டு வகுத்த நிதானமான கணக்கு இது. முதல் அழியாமல் விளைவு மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்னும் இந்த விதியை, ஒரு கணினி அறிஞர் மாறிலி என்று சொல்லி நிரலின் முதல் வரியிலேயே வைத்திருப்பார்.

ஓட்டை எங்கே இருந்தது? கோயிலில் நாள்தோறும் அளந்து பார்க்கப்பட்டது நெய். ஆடுகள் எங்கோ மேய்ச்சலில் இருந்தன. மந்தையில் பாதியை விற்றுவிட்ட ஓர் இடையர், மீதி ஆடுகளின் பாலையும் சந்தையில் வாங்கிய நெய்யையும் கொண்டு சில ஆண்டுகள் வரையிலும் உழக்குத் தவறாமல் அளக்க முடியும். அதுவரை விதி நிறைவேறிக்கொண்டே இருக்கும். விளைவை மட்டும் சோதித்து முதலைச் சோதிக்காத எந்த ஏற்பாட்டிலும் இந்த இடர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துச் சாசனங்கள் இதை உணர்ந்தே எழுதப்பட்டவை போலத் தோன்றுகின்றன. அங்கே கால்நடைகளைப் பெற்றுக்கொண்ட இடையரின் பெயரோடு அவருடைய ஊரும், அவரோடு பொறுப்பேற்ற உறவினர் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. அவருக்குப் பின் அவர் சுற்றத்தாரும், அச்சுற்றத்தாரின் சுற்றத்தாரும் சந்திரன், சூரியன் உள்ளவரை அளக்கக் கடமைப்பட்டவர் ஆகின்றனர். ஆட்டை எண்ணிப் பார்ப்பது அரிது. ஆளைத் தேடிப் பிடிப்பது எளிது. அவ்வெளிமையை நம்பித்தான் பிணை வகுக்கப்பட்டது. இதில் ஒரு கடுமையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை: கொடையாளியின் புண்ணியத்துக்காக ஓர் இடையர் குடும்பத்தின் பிறவாத தலைமுறைகளும் கடனாளிகளாக எழுதப்பட்டனர்.

டீஃபை கடன் ஏற்பாடுகளில் ஆளும் இல்லை, ஊரும் இல்லை. கடன் கேட்பவர் யாரென்று நிரலுக்குத் தெரியாது. ஆதலால் பெறும் கடனைவிடக் கூடுதல் மதிப்புள்ள ஈட்டை முன்கூட்டியே வைத்தால்தான் பணம் வெளியே வரும். பிணையாளரின் இடத்தை ஈடு எடுத்துக்கொண்டது. அங்கே புதிய கேள்வி ஒன்று பிறக்கிறது: ஈட்டின் மதிப்பை நிரலுக்குச் சொல்பவர் யார்? வெளியுலகச் சந்தை விலையைப் பேரேட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் அமைப்புக்கு ஆரக்கிள் என்று பெயர். நிரல் அது சொல்லும் விலையை அப்படியே நம்பும். 2022 அக்டோபர் 11 அன்று மேங்கோ மார்க்கெட்ஸ் என்னும் தளத்தில் நடந்தது இந்நம்பிக்கையின் சோதனை. அவ்ரகாம் ஐசன்பெர்க் என்பவர் இரண்டு கணக்குகளைத் தொடங்கி, அத்தளத்தின் சொந்த நாணயமான மேங்கோவின் எதிர்கால விலை மீதான ஒப்பந்தங்களை ஒரு கணக்கிலிருந்து மற்றதற்கு விற்றார்; பிறகு குறைந்த அளவிலேயே வணிகமாகும் அந்நாணயத்தை வெளிச்சந்தைகளில் வாங்கிக் குவித்து, அரை மணி நேரத்துக்குள் அதன் விலையைப் பன்மடங்கு உயர்த்தினார். ஆரக்கிள் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் சந்தை விலை உண்மையிலேயே அதுதான். உயர்ந்த விலையில் மதிப்பிடப்பட்ட தம் ஒப்பந்தங்களை ஈடாகக் காட்டிச் சுமார் 11 கோடி டாலர் மதிப்புள்ள பிற நாணயங்களைக் கடனாகப் பெற்று அவர் வெளியேறினார். சில நாட்களில் தம் பெயரை மறைக்காமல், தாம் செய்தது இலாபமான ஒரு வணிக உத்தி மட்டுமே என்று அறிவிக்கவும் செய்தார்.

ஈட்டின் மதிப்பைச் சந்தையிடம் கேட்பதால் வரும் இடர் இது. தஞ்சைச் சாசனங்கள் சந்தையிடம் கேட்கவே இல்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று அங்கே எழுதப்பட்டுள்ளது. ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு, ஓர் எருமைக்கு மூன்று பசு என்னும் மாற்று விகிதம் நிலையாக வகுக்கப்பட்டது. எவரும் ஒரே நாளில் சந்தையில் பசுக்களை வாங்கிக் குவித்து இந்த விகிதத்தை அசைக்க முடியாது. ஆனால் நிலையான விகிதத்துக்கும் தனக்கே உரிய ஓட்டை உண்டு. ஒரு பஞ்ச காலத்தில் எருமை விலை சரிந்து ஆட்டு விலை சரியாமலிருந்தால், கொடையாளி எருமைகளையே கொடுத்துக் குறைந்த செலவில் அதே புண்ணியத்தையும் அதே கல்வெட்டையும் பெற்றுக்கொள்ள முடியும். அப்போது நட்டம் நெய் அளக்கும் இடையருக்கு. சாசனங்கள் அப்படி நடந்ததாகச் சொல்லவில்லை, ஆயினும் விதியின் அமைப்பு அதற்கு இடம் கொடுக்கிறது. விகிதம் மாறினால் ஒரு வகை ஓட்டை, மாறாவிட்டால் மற்றொரு வகை. இடைக்காலத்துக்குச் சாதகமாக இருந்தது வேகக் குறைவு ஒன்றே: நாற்பத்தெட்டுப் பசுக்களை ஓட்டிக்கொண்டு வருபவரை ஊர் முழுவதும் பார்க்கும், அரை மணி நேரத்தில் ஒரு மந்தையைப் பன்மடங்காக்கிக் காட்டவும் எவராலும் முடியாது.

பின்னங்களைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். இராசராசன் காலத்து நில அளவையில் ஒரு வேலியின் 52,42,88,00,000இல் ஒரு பங்கு வரை, அதாவது ஐயாயிரத்து இருநூறு கோடிக்கும் மேற்பட்ட கூறுகளில் ஒன்று வரை, கணக்கிட்டு எழுதியிருக்கின்றனர் என்பது கல்வெட்டறிஞர்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி. ஒரு நெல்மணிக்குக்கூட இடம் போதாத இந்த நுண்மையை அதிகாரிகளின் வீண் பகட்டு என்று எண்ணத் தோன்றும். ஆனால் கீழ்வாய் இலக்கத்தில் கீழே விடப்படும் ஒவ்வொரு துளியும் எவருக்கோ சேரும் என்பதையும், அது எவருக்கு என்று சொல்லாத விதி முழுமையற்றது என்பதையும் அக்கணக்கர்கள் அறிந்திருந்தனர் என்று கொள்வதே பொருந்தும். 2025 நவம்பர் தொடக்கத்தில் பேலன்சர் என்னும் நாணயமாற்றுத் தளம் 12 கோடி டாலருக்கு மேல் இழந்தது இத்தகைய துளியால்தான். அங்கே ஒரு பெருக்கலின் கடைசி இலக்கம் எப்போதும் ஒரே திசையில் வெட்டப்பட்டது. இயல்பான தொகைகளில் பொருட்படுத்தத் தகாத அவ்விழப்பை, மிகச் சிறிய இருப்பின் மீது அடுக்கடுக்கான மாற்றங்களைச் செய்து, ஒருவர் பெருந்தொகையாகத் திரட்டிவிட்டார். பல முறை தணிக்கை செய்யப்பட்ட நிரல் அது.

தணிக்கை என்றால், திருத்தணிக்குத் தென்மேற்கே, இன்றைய வேலூர் மாவட்டத்தில் உள்ள திருவல்லத்துக் கல்வெட்டு ஒன்றை விரிவாகக் காணலாம். இராசராசனின் ஏழாம் ஆட்சியாண்டில், ஐப்பசி மாதத்துச் சந்திர கிரகணத்தன்று, உத்தம சோழனின் மகன் எனக் கருதப்படும் மதுராந்தகன் கண்டராதித்தன் அக்கோயிலில் இறைவனுக்கு ஆயிரங்குட நீராட்டுச் செய்வித்தான். கணித்துப் பார்த்ததில் அந்நாள் 991 செப்டம்பர் 26 ஆகிறது. வழிபாட்டின்போது அவன் கண்டது, திருவமுது இரண்டு நாழி அரிசியாகக் குறைந்திருப்பதும், கறியமுதும் நெய்யும் தயிரும் நின்றுபோயிருப்பதும், நந்தா விளக்குகள் கவனிப்பாரற்றுக் கிடப்பதும். உடனே அவன் கோயிலின் சிவப்பிராமணரையும் ஊர்ச்சபையாரையும் அழைத்து, இறைவனுக்குரிய வரவையும் செலவையும் அரசாணைப்படி எடுத்துச் சொல்லுமாறு கேட்டான். கொடைச் சாசனங்கள் அழிந்துபோகவில்லை என்பதும், எழுத்து மாறவில்லை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கவை. கொடைகளைப் பெற்றவரும் கண்காணிக்க வேண்டியவரும் ஒரே ஊராராக இருக்கலாம் என்பதை விதி கருத்தில் கொள்ளவில்லை, அவ்வளவே. ஓட்டையைக் கண்டவன் ஓலைகளைப் படித்து அதைக் காணவில்லை. நிவேதனத் தட்டில் எவ்வளவு சோறு இருக்கிறது என்று பார்த்துக் கண்டான்.

அதே திருவல்லத்தில் மற்றொரு கல்வெட்டு, மண்டபத்தைப் பிரித்துக் கட்டியபோது முன்பிருந்த பல்லவர் காலக் கல்வெட்டின் படியை மீண்டும் வெட்டியதாகக் குறிப்பிடுகிறது. கட்டடம் மாறினாலும் ஒப்பந்தம் தொடர வேண்டும் என்பதற்காகப் பழைய எழுத்தைப் புதிய கல்லுக்கு ஏற்றும் இவ்வழக்கம் பல கோயில்களில் காணப்படுவது. படியெடுக்கும்போது ஒரு சொல்லை மாற்றிவிட வாய்ப்பு உண்டா என்று கேட்டால், உண்டுதான். ஆனால் பழைய கல் இருந்த காலத்தில் அதைப் படித்தவர்கள் ஊரில் இருந்தனர்.

விதி எழுதுவோர் தம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்திய வரலாற்றை மிகத் துலக்கமாகக் காட்டுவது உத்திரமேரூர். இங்கும் அரசன் வேலஞ்சேரிச் செப்பேட்டுக்குரிய அதே முதலாம் பராந்தகன். அவனுடைய பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், தத்தனூர் மூவேந்தவேளான் என்னும் அதிகாரி உடனிருக்க, அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு, அதாவது ஏரி, தோட்டம் முதலியவற்றை ஆளும் குழுக்களுக்கு, உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை வகுத்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 921இல், சோமாசிப் பெருமான் என்னும் மற்றோர் அதிகாரி உடனிருக்க, அதே சபை அதே விதிகளைத் திருத்தி மீண்டும் எழுதியது. முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு, முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்றாயிற்று. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரை மட்டுமின்றி அவருடைய உறவினரையும் விலக்கும் பட்டியல், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனர், மருமகன் என்று நீண்டது. முறைகேடான வழிகளில் பொருள் சேர்த்தவர், கையூட்டுப் பெற்றவர் ஆகியோரைப் பற்றிய விலக்குகளும் விரிந்தன. இந்த நீட்சியைப் படிப்பவருக்கு, அந்த இரண்டு ஆண்டுகளில் எவர் எவர் எந்தச் சந்தின் வழியாக உள்ளே நுழைய முயன்றிருப்பர் என்று ஊகிக்கத் தோன்றுவது இயல்பு. விதியின் ஒவ்வொரு புதிய சொல்லுக்குப் பின்னும் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது.

குலுக்கும் முறையை 921ஆம் ஆண்டுச் சாசனம் வகுத்திருக்கும் விதம், நம்பிக்கையை ஒரு தனியாளிடம் வைக்காத நுணுக்கத்துக்கு நல்ல சான்று. சபை முழுவதும் கூடியிருக்க, ஊரிலுள்ள நம்பிமார், அதாவது கோயிற் பூசகர், ஒருவர் விடாமல் மண்டபத்தில் இருத்தப்படுவர். அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இடப்பட்டு மீண்டும் குலுக்கப்பட்ட பிறகு அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது ஊர்க்கணக்கன், ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்திப் பெற வேண்டும். விரல் இடுக்கில் மறைத்து வைத்த வேறோர் ஓலை இடம் மாறிவிடலாகாது என்பதற்காகவே இந்த விதி. பிறகு அவன் படித்த பெயரை நம்பிமார் அனைவரும் படித்துச் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் நிற்பது தகுதி. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட சொந்த நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி, முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இல்லாமை ஆகியவை அத்தகுதிகள். பெண்களும் நிலமற்றோரும் அந்தணரல்லாத பிற சாதியினரும் முற்றிலும் புறத்தே நிறுத்தப்பட்ட இவ்வேற்பாட்டை இன்றைய பொருளில் மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. ஆனால் ஓட்டையடைப்பு என்னும் நோக்கில் பார்த்தால், இத்தகுதிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பண்பு புலப்படும்: இவற்றுள் எதையும் ஒரு நாள் மட்டும் இரவல் வாங்க முடியாது.

இரவல் வாங்க முடிந்தால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரல் 17 அன்று பீன்ஸ்டாக் என்னும் டீஃபை ஏற்பாடு கண்டது. அதில் வைப்பு வைத்திருப்பவரே வாக்காளர். வைப்புக்கு ஏற்ப வாக்கு. அவசர நிலையில், முன்மொழிவு வைக்கப்பட்டு ஒரு நாள் கடந்ததும், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் அதை உடனே நிறைவேற்றலாம் என்றும் விதி இருந்தது. தாக்கியவர் முந்தைய நாளே தம் முன்மொழிவுகளைப் பதிந்து வைத்தார். அவற்றுள் உக்ரைனுக்கு நன்கொடை அனுப்பும் வாசகமும் இருந்தது. மறுநாள் ஃப்ளாஷ் லோன் என்னும் கடனைப் பெற்றார். ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கி அதற்குள்ளேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டிய, கொடுக்காவிட்டால் வாங்கியதே நடக்காததாகிவிடுகிற, ஆதலால் ஈடே தேவைப்படாத கடன் இது. அவ்வாறு பெற்ற சுமார் 100 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களை வைப்பாக்கி, சில நொடிகளுக்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குரிமையைப் பெற்று, ஏற்பாட்டின் கருவூலம் முழுவதையும் தமக்கு மாற்றும் முன்மொழிவை நிறைவேற்றிக்கொண்டார், கடனையும் அடைத்துவிட்டார். மொத்த இழப்பு 18 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அவர் கைக்குச் சென்றது அதில் பாதிக்கும் குறைவு. வாக்கு எண்ணிக்கையில் பிழை இல்லை. வைப்பு எத்தனை நாளாக இருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. பிற்பாடு மீண்டும் தொடங்கப்பட்டபோது, தானாக நிறைவேறும் வாக்கெடுப்பைக் கைவிட்டு, பலர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் மாற்றம் செல்லும் என்னும் முறைக்கு அவ்வேற்பாடு திரும்பியது.

தவறு கண்ட பின் விதியைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்னும் கேள்வியே பிளாக்செயின் உலகின் முதற்பெரும் பிளவுக்குக் காரணம். 2016இல் எத்தீரியம் மீது அமைந்த டாவ் என்னும் பொது முதலீட்டுக் களஞ்சியம், சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் நாணயத்தைத் திரட்டியது. நிரலே ஒப்பந்தம், அதன் விளக்கக் குறிப்புகள் அன்று என்று அதன் நிபந்தனைகள் அறிவித்திருந்தன. அவ்வாண்டு ஜூன் 17 அன்று, பணம் எடுப்பவரின் கணக்கைக் குறைப்பதற்கு முன்பே பணத்தை அனுப்பிவிடும் வரிசைப் பிழையைப் பயன்படுத்தி, ஒருவர் மீண்டும் மீண்டும் எடுத்து 36 இலட்சம் ஈத்தரைத் தனியே பிரித்தார். அத்தொகை சில வாரங்களுக்கு வெளியே செல்ல முடியாதபடி மற்றொரு விதி தடுத்திருந்ததால் விவாதிக்க அவகாசம் கிடைத்தது. நிரல் அனுமதித்ததே ஒப்பந்தம் என்றால் எடுத்தவருக்கே அது உரியது என்று ஒரு சாராரும், களவுக்கு விதி துணை நிற்கலாகாது என்று மறுசாராரும் வாதிட்டனர். ஜூலை 20 அன்று பெரும்பான்மையோர் பேரேட்டையே திருத்தி அந்த மாற்றத்தை நீக்கினர். உடன்படாதவர்கள் திருத்தாத பேரேட்டைத் தொடர்ந்தனர். அது எத்தீரியம் கிளாசிக் என்னும் பெயரில் இன்றும் இயங்குகிறது. அதில் அந்த 36 இலட்சமும் எடுத்தவர் கைக்கே சென்றன.

நீதிமன்றங்களும் இக்கேள்விக்கு இன்னும் ஒரே விடை சொல்லவில்லை. மேங்கோ வழக்கில் 2024 ஏப்ரலில் நியூயார்க் ஜூரி ஐசன்பெர்க்கைக் குற்றவாளி என்றது. 2025 மே மாதம் நீதிபதி அருண் சுப்பிரமணியன் அத்தீர்ப்பைத் தள்ளினார். விலையை உயர்த்தியதற்கான குற்றச்சாட்டுகள் நியூயார்க்கில் விசாரிக்கத் தக்கவையல்ல என்பது ஒரு காரணம். கடன் பெற்றபோது அவர் எவரிடமும் பொய்யான எதையும் சொன்னதற்குச் சான்றில்லை என்பது மற்றொன்று. அந்தத் தளம் கடன் வாங்குபவரிடம் எதையும் கேட்கவில்லை. திருப்பிக் கொடுப்பாயா என்றுகூடக் கேட்கவில்லை. அதற்கு மாறாக, கேட்க மறந்த கேள்விகளைப் பின்னர் சேர்த்துக்கொண்ட உத்திரமேரூர்ச் சபை தன் 921ஆம் ஆண்டு விதிகளை எழுதியபோது 919ஆம் ஆண்டு விதிகளை அழிக்கவில்லை. இரண்டும் வைகுந்தப் பெருமாள் கோயிலில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன, எந்தச் சந்து எப்போது அடைக்கப்பட்டது என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.